ஏணி இல்லாத பஸ்

1

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று இந்த நாட்டு அரசாங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒரு தடவை என்றால் போகட்டும், மூன்று தடவை. தீபாவளிக்கு முந்தின நாள் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கம்பெனி வேனை ஓட்டிப்போய் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தவன் நான். அந்த லைசென்ஸ் அயர்லாந்தில் செல்லாது. முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பரீட்சை, பிறகு கட்டாயமாகப் பன்னிரண்டு பாடம், பிறகு டெஸ்டுக்குத் தேதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பு. தேதி வந்தால் மழையும் கூடவே வரும்.

மூன்றாவது தடவை டெஸ்ட் எடுத்தவர் தங்கமான மனிதர். சிரித்துக்கொண்டே ஃபெயில் போட்டார். அவர் கொடுத்த தாளில் 'முன்னேற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் வரிசையாகக் கோடு கிழித்திருந்தார். வழி இருந்தும் நான் போகாமல் நின்றேனாம். ரவுண்டானாவில் எல்லோரும் போகட்டும் என்று நின்றது உண்மைதான். நம்ம ஊரில் ஒருவன் அப்படி நின்றிருந்தால் அவனுக்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.

ஆகவே ஐம்பத்து மூன்று வயதில் நான் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். டிராலி என்கிற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் குழாய், பல்பு, கதவுக் கீல் இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை. என் மனைவி ஸ்டெல்லா இங்கே நர்ஸ். அவளுக்கு லைசென்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. அவள் காரில் என்னைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடிக்க மாட்டாள், கையை மட்டும் தூக்கிக் காட்டுவாள். எனக்கு எரியும்.

நான் சைக்கிளில் போவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் 'கிராண்ட்' என்பார். மழை கொட்டினாலும் இவர்களுக்கு கிராண்ட், டயர் பஞ்சரானாலும் கிராண்ட். பதினாறு வருடமாகியும் எது நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

2

இந்தக் குறிப்பை எழுதக் காரணம் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். நான் நினைத்தது ஒரு கேக், ஒரு பிரியாணி. எங்கள் மகள் நிலா நினைத்தது வேறு. அவளுக்குப் பத்தொன்பது வயது, வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து துணிகளை மெஷினில் போட்டுவிட்டு, அது சுற்றி முடியும் வரைக்கும் எங்களோடு பேசுவாள். துணி காய்ந்ததும் கிளம்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் சோபாவில் உட்கார வைத்து, போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள்.

"அப்பா, இது ஸ்லே முனை ரவுண்ட். டிங்கிள்ல ஸ்டார்ட் பண்ணி, கடல் ஓரமாவே சுத்தி, திரும்ப டிங்கிள். நாப்பத்தேழு கிலோமீட்டர். உங்க லவ் ஸ்டோரி டிஸ்டன்ஸ் ஆல்மோஸ்ட் சேம். நாம மூணு பேரும் சைக்கிள்ல போறோம். நான் புக் பண்ணிட்டேன்."

ஸ்டெல்லா உடனே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விளக்க நான் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

நான் திருவந்திபுரத்துக்குப் பக்கத்து விவசாயக் குடும்பம். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். ஸ்டெல்லா மங்கலம்பேட்டை, அவள் அப்பா அங்கே தபால்காரர். அவள் சிதம்பரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்காகக் கடலூர் வந்திருந்தபோது, ஸ்பேனர் நழுவிக் கிழிந்த என் கையில் தையல் போட்டாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கடலூரில் இருப்புக்கொள்ளவில்லை.

எங்களுக்குச் சாதி வேறு, சாமி வேறு. எங்கள் பக்கத்தில் அது எப்படிப்பட்ட விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவந்திபுரம் கோயிலில் என் கல்யாணம் என்று அம்மா நேர்ந்திருந்தாள். கடைசியில் என் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஸ்டெல்லாவின் வீட்டிலும் முதலில் முடியாது என்றுதான் சொன்னார்கள். ஒத்துக்கொண்டது அவள் அப்பா ஒருவர். அதற்கு அவர் சொன்ன காரணத்தை அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

"வாரா வாரம் கடலூர்லேருந்து சிதம்பரத்துக்கு சைக்கிள் மிதிச்சிக்கிட்டு வர்றான்னு சொல்லுற. நாப்பத்தஞ்சு கிலோமீட்டரு. நானும் சைக்கிள் மிதிக்கிறவன்தான், எனக்குத் தெரியும் அது இன்னான்னு. அப்புடிப்பட்டவன் பொண்ண நடுவுல வுட்டுட்டுப் போவ மாட்டான்."

மாமனார் இப்போது இல்லை. ஆனால் இந்த வாக்கியம் இருக்கிறது. காதுகுத்து, நிச்சயதார்த்தம் எதுவானாலும் என் மச்சான் அருள் அதைச் சபையில் எடுத்துவிடுவான். ஸ்லே முனைத் திட்டம் தெரிந்ததும் மங்கலம்பேட்டையிலிருந்து வீடியோ காலில் வந்தான்.

"மாமா, நாப்பத்தேழெல்லாம் உங்களுக்கு இன்னா மாமா. பல்லு வெளக்குறதுக்குள்ள போய்ட்டு வந்துடுவீங்க. மறக்காம வீடியோ எடுத்து அனுப்புங்க, இங்க நம்ம பசங்களுக்கு காட்டணும்."

ஸ்டெல்லா சிரித்தாள். நான் சிக்னல் சரியில்லை என்று போனை அணைத்தேன்.

3

வீட்டில் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஊரில் இருக்கிறீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.

நான் அந்த நாற்பத்தைந்து கிலோமீட்டரை மிதிக்கவில்லை. கடலூரில் சைக்கிளைச் சிதம்பரம் பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டு, ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போவேன். பி.முட்லூரில் இறங்கி, பஸ்ஸின் பின்பக்கத்து ஏணியில் ஏறி சைக்கிளை இறக்குவேன். அங்கிருந்து சிதம்பரம் வரைக்கும் கொஞ்ச தூரம் மிதிப்பேன். அதனால் ஸ்டெல்லாவின் விடுதி வாசலில் நான் நிற்கும்போது முதுகில் இருந்த வேர்வை மட்டும் நிஜம்.

ஏமாற்ற வேண்டும் என்று ஆரம்பித்ததில்லை. முதல் தடவை பி.முட்லூர் பக்கம் என் அத்தை வீட்டுக்குப் போகிற சாக்கில் சைக்கிளை ஏற்றிப் போனேன். அத்தை வீட்டில் தலையைக் காட்டிவிட்டு விடுதிக்குப் போய் நின்றேன். ஸ்டெல்லா வெளியே வந்து என் சட்டையையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடலூர்லேருந்து சைக்கிள்லயா வந்தீங்க?"

"ஆமா."

அந்த ஒரு 'ஆமா'தான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு அதைத் திருப்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவன் நான், மறுநாள் அவ்வளவு தூரம் மிதிக்க உடம்பில் தெம்பும் இருக்காது. சைக்கிள் இல்லாமல் போகவும் முடியாது. ஆகவே வாரா வாரம் சைக்கிளுக்கு பஸ் பயணம். அந்தத் தடத்து கண்டக்டர் ஒருவர், என்னை மேலே ஏற்றிவிட்டுக் கீழே இருந்து கேட்பார்: "ஏம்பா, சைக்கிளு உன்ன சொமக்குதா, இல்ல நீ அத சொமக்குறியா?"

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை விதிவிலக்கு. புயல் மழை, ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டின் மேலேயே வெள்ளம், பஸ் ஓடவில்லை. போகாமல் இருந்துவிடலாம் என்று டீக்கடையில் உட்கார்ந்து நிஜமாகவே யோசித்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, மிதிக்க ஆரம்பித்துவிட்டேன். பாதி தூரம் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளினேன். விடுதியில் பார்வையாளர் நேரம் முடிகிற சமயத்தில் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்குத்தான் ஸ்டெல்லா, "வீட்டுல பேசுறேன்" என்று சொன்னாள்.

நாற்பத்தேழு கிலோமீட்டர் என்று நிலா சொன்னதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வெள்ளத்திலேயே ஒரு தடவை நாற்பத்தைந்து போனவன், தார் ரோட்டில் நாற்பத்தேழு போகமாட்டேனா? எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் பூமி தோசைக்கல் மாதிரி கிடக்கும். எங்களுக்குத் தூரம் என்றால் நீளம் மட்டும்தான். உயரம் என்று ஒன்று அதில் சேரும் என்பது எங்கள் புத்தியில் ஏறாது. நாங்கள் பார்த்த மலை திருவந்திபுரத்துக் குன்று, அதிலும் படி கட்டி வைத்திருக்கிறார்கள்.

4

டிங்கிளில் சைக்கிள் வாடகைக் கடையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்த நாட்டில் சிரிப்பதற்கும் அழுவதற்கும் படிவம் உண்டு. என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், ஸ்டெல்லாவின் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர், நிலாவின் பெயருக்குப் பின்னால் என் பெயர். கடைக்காரர் மூன்று பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு, நீங்கள் ஒரே குழுவா, தனித்தனி ஆட்களா என்று கேட்டார். குடும்பம் என்றேன். அவர் என்னை என் அப்பா பெயரால் 'மிஸ்டர் ராமலிங்கம்' என்று அழைத்தார். என் கல்யாணத்துக்கே வராத மனிதர் இப்படிக் கல்யாண நாள் பயணத்துக்கு மட்டும் வந்து சேர்ந்தார்.

"மிஸ்டர் ராமலிங்கத்துக்கு மோட்டார் வைத்த சைக்கிளா, சாதா சைக்கிளா?"

ஸ்டெல்லா மோட்டார் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் முழங்காலுக்கு அதுதான் சரி. கடைக்காரர் என் தொப்பையைப் பார்த்து எனக்கும் மோட்டாரையே சிபாரிசு செய்தார். வாயைத் திறந்து சரி என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

"இவருக்கு எதுக்கு மோட்டாரு? சிதம்பரத்துக்கே மிதிச்ச ஆளு."

நிலா அதை ஆங்கிலத்தில் பெருமையாக மொழிபெயர்த்தாள். கடைக்காரர் 'கிராண்ட்' என்றார்.

முதல் ஆறேழு கிலோமீட்டர் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வேலி நிறைய சிவப்புப் பூ தொங்கிக்கொண்டிருந்தது. இடதுபக்கம் கடல். நம்ம கடலூர் சில்வர் பீச்சில் கடல் நம்மோடு சம மட்டத்தில் இருக்கும், காலைத் தொட்டுவிட்டுப் போகும். இங்கே கடல் ஆழக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி எங்கோ கீழே கிடந்தது. அதற்கும் எனக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் சுவர், அதன் மேல் ஒரு ஆடு. நான் நான்கு அடி போனால் அது இரண்டு அடி வரும்.

பிறகு ஏற்றம் தொடங்கியது. தொடங்கியது என்று சொல்வதுகூடத் தப்பு, அது எங்கேயும் முடியவே இல்லை. ஒரு வளைவைத் தாண்டினால் இறங்கும் என்று நினைப்பேன், தாண்டினால் இன்னொரு ஏற்றம் நிற்கும். கியர் இருபத்தொன்று இருந்தது. எதைத் திருகினாலும் செயின் கடகடவென்று திட்டியது. நிலா முன்னால் போய்ப் போய் நின்று என்னைப் போட்டோ எடுத்தாள். ஸ்டெல்லா புடவைக் கடைக்குப் போகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

"அப்பா, கியர் லோ பண்ணுங்க."

"பண்ணிட்டேன்."

"அது லோ இல்ல, ஹை."

ஓர் இடத்தில் மலையிலிருந்து வரும் ஓடை ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடுகிறது. பாலம் கிடையாது, தண்ணீர் ரோட்டின் மேலேயே போகிறது. பணக்கார நாடு, ஒரு பாலம் கட்ட மனமில்லை. அவர்கள் இரண்டு பேரும் சல்லென்று தாண்டிவிட்டார்கள். நான் நடுவில் பயந்து காலை ஊன்றினேன். இரண்டு ஷூவும் நிரம்பின. ஐஸ் தண்ணீர். கழற்றிப் பிழியலாம் என்றால் அதற்குள் அவர்கள் அடுத்த வளைவில் மறைந்துவிட்டார்கள். சளக் சளக் என்று மிதித்துக்கொண்டே போனேன்.

ஸ்லே முனை வளைவில் பாறை ஓரமாக வெள்ளைச் சிலுவைச் சுரூபம் ஒன்று இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா அதன் முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சிலுவை போட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்து, என் நெற்றி வேர்வையைத் தன் கழுத்துத் துணியால் துடைத்தாள்.

"அப்பா மட்டும் இப்ப ஒன்னப் பாத்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்குகிற சாக்கில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

5

இன்னும் கொஞ்சம் போனதும் கடற்கரை தெரிகிற வண்டி நிறுத்துமிடம் ஒன்று வந்தது. நாங்கள் பாதி தூரம்கூட வரவில்லை. என் தொடை இரண்டும் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. ஷூவுக்குள் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஸ்டெல்லாவும் நிலாவும் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பெரிய சுற்றுலா பஸ் ஒன்று வந்து நின்றது. கிழவர்களும் கிழவிகளுமாக இறங்கினார்கள்.

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்யவில்லை. கை கால்கள்தான் வேலை செய்தன. பஸ்ஸைப் பார்த்ததும், இருபத்தைந்து வருடத்துக்கு முந்தின பழக்கத்தில், சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டினேன். நேரே பஸ்ஸின் பின்பக்கம் போனேன். வலது கையை நீட்டி ஏணியைப் பிடிக்கப் போனேன். ஏணி இல்லை. வழவழவென்று கண்ணாடிதான் இருந்தது. இந்தப் பக்கம் இருக்குமோ என்று இடதுபக்கம் தடவினேன். அங்கேயும் இல்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். கேரியரும் இல்லை.

டிரைவர் இறங்கி வந்தார். சிவந்த முகம், பெரிய உடம்பு. பஸ்ஸை என்ன செய்கிறாய் என்று கேட்டார். சைக்கிளை மேலே போடலாமா என்றேன். மேலேயா என்றார். அவருடைய இத்தனை வருட வேலையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முடியாது, இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்றார். பிறகு என் நிலைமையைப் பார்த்து, இனிமேல் எல்லாம் இறக்கம்தான், கிராண்டாகப் போய்விடுவாய் என்று முதுகில் தட்டினார். அது சுத்தப் பொய் என்பது அப்புறம் தெரிந்தது.

திரும்பினால் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள்.

"பஸ்ஸுக்குப் பின்னால இன்னா தேடுனீங்க?"

என் மனைவி சாதாரணமாக என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால்தான் மரியாதை வரும்.

"ஒண்ணுமில்ல. ஏணி."

"எதுக்கு ஏணி?"

"சைக்கிள ஏத்தலாம்னு."

"சைக்கிள தோள்ல மாட்டிக்கிட்டு ஒத்தக் கையால ஏணி தேடுறீங்க. மொத மொத செய்யிறவன் அப்புடிச் செய்ய மாட்டான். தடுமாறுவான்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. வார்டில் நோயாளியிடம் கேட்பது மாதிரி கேட்டாள். "சிதம்பரத்துக்கு பஸ்லயா வந்தீங்க?"

இன்னொரு 'ஆமா' சொல்ல வேண்டிய நேரம் வந்தது. சொன்னேன். பி.முட்லூர், அத்தை வீடு, இரவு ஷிஃப்ட், கண்டக்டரின் கேலி, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். நிலா பக்கத்தில் வந்துவிட்டாள்.

"வெயிட், வெயிட். அப்பா பஸ்ல வந்தாரா? சைக்கிளும் பஸ்ல வந்துச்சா? ஓ மை காட், திஸ் இஸ் ஸோ மச் பெட்டர்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு மனிதனின் மானம் போய்க்கொண்டிருக்கிறது, பெற்ற பெண்ணுக்கு அது வேடிக்கை.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கப்பா சாவுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டுதான இருந்தாரு. அவரு மூஞ்சப் பாத்துக்கிட்டு எப்புடி சும்மா இருந்தீங்க?"

நான் சைக்கிளைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"மழைக்கு வந்தீங்களே, அந்த ஞாயித்துக்கெழம. அன்னிக்கும் பஸ்தானா?"

"அன்னிக்கு மட்டும் மிதிச்சேன் ஸ்டெல்லா. சத்தியமா. அன்னிக்கு பஸ்ஸே ஓடல."

"அதை மட்டும் நான் எப்புடி நம்புறது?"

சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். மோட்டார் வைத்த சைக்கிள், வளைவில் மறைய நேரமே ஆகவில்லை.

வாரா வாரம் சொன்ன பொய்யை இருபத்தைந்து வருடம் நம்பினாள். ஒரே ஒரு நாள் உண்மையாக நடந்துகொண்டேன், அதற்குச் சாட்சி யாருமில்லை. வெள்ளத்தில் அன்றைக்கு என்னைப் பார்த்தது இரண்டு எருமை மாடு. அவள் சம்மதித்தது அந்த நாளை நம்பித்தான். அதுவும் பொய் என்று அவள் முடிவு கட்டிவிட்டால் எங்கள் கல்யாணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

நிலா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். "அப்பா, டாக்ஸி கூப்பிடவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம். நான் மிதிச்சிக்கிட்டே வரேன்."

6

மீதி தூரத்தைப் பற்றி எழுத என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. அழகான இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், இருக்கும். தீவுகள் தெரிந்தனவாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன் சக்கரமும், அதன் முன்னால் மேலே போய்க்கொண்டே இருந்த ரோடும்தான். ஏற்றங்களில் இறங்கித் தள்ளினேன். நிலாவும் இறங்கி என்னோடு தள்ளினாள். அவள் அப்படிச் செய்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. துணி காயும் வரைக்கும்தான் இருப்பாள் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு மூன்று மணி நேரம் என் பக்கத்திலேயே நடந்தாள். டிங்கிளுக்குத் திரும்பும் கடைசி ஏற்றத்தில் மட்டும் நான் இறங்கவில்லை. பின்னால் நாலைந்து கார் வரிசை கட்டி ஊர்ந்து வந்தது. ஒதுங்கி வழிவிடவில்லை. எதற்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது, பார்ப்பதற்கு ஸ்டெல்லாகூட அங்கே இல்லை.

வாடகைக் கடை வாசலில் பெஞ்சு ஒன்று இருந்தது. ஸ்டெல்லா அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் சைக்கிளை எப்போதோ ஒப்படைத்துவிட்டிருந்தாள். மடியில் அவள் பை. நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்று சொல்லலாம்.

"ஷூவக் கழட்டுங்க" என்றாள்.

"பரவால்ல."

"ஈரத்தோட வச்சிக்கிட்டு இருந்தா புண்ணாயிடும். கழட்டுங்க."

குனிய முடியவில்லை. அவளே கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். ஷூவிலிருந்து ஓடைத் தண்ணீர் மிச்சம் ஊற்றியது. சாக்ஸை உரித்தாள். என் பாதங்கள் வெளுத்து, சுருங்கி, ஊறவைத்த பயறு மாதிரி இருந்தன. குதிகாலில் தோல் வழண்டு தொங்கியது. அவள் ஒரு பாதத்தைக் கையில் எடுத்தாள். துடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். விரலால் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தாள். சுருக்கம் அப்படியே இருந்தது.

காலை விடாமலே பேசினாள்.

"அன்னிக்கு ஹாஸ்டல் வாசல்ல நீ செருப்பில்லாம நின்ன. தண்ணியில போய்டுச்சின்னு சொன்ன. வார்டன் பெஞ்சில ஒக்காரச் சொன்னாங்க. நீ காலத் தூக்கி மேல வச்ச. நான் ஒன் மூஞ்சப் பாக்கல, ஒன் கால்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்புடியேதான் இருந்துச்சு. இதே வெளுப்பு, குதிகால்ல இதே எடத்துல தோலு வழண்டு."

செருப்பு போனதையே மறந்திருந்தேன்.

"மணிக்கணக்கா தண்ணியில ஊறுனாத்தான் கால் இப்புடி ஆவும். நான் நர்சு, எனக்குத் தெரியும். பஸ்ல ஒக்காந்து வந்த காலு இப்புடி ஆவாது."

பையிலிருந்து துண்டை எடுத்தாள். வார்டில் கிழவர்களுக்குத் துடைப்பது மாதிரி ஒவ்வொரு விரல் இடுக்காகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த ஒரு ஞாயித்துக்கெழம ஒன்னுது. மத்ததெல்லாம் அந்த கண்டக்டருது."

அவள் திரும்பவும் என்னை 'நீ' என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேர்வை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"அருளுகிட்ட நீயே சொல்லிடு" என்றாள். "அடுத்த விசேஷத்துல அவன் மைக்கப் புடிக்கிறதுக்கு முன்னாடி."

நிலா டீ வாங்கிக்கொண்டு வந்து எங்கள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆமாம், டிராலிக்குத் திரும்புவது பஸ்ஸில்தான்.

"அம்மா சொன்னாங்களே, அந்த கண்டக்டர் யாரு?" என்று கேட்டாள். "எனக்கு முழுசா சொல்லுங்க."

அவளுக்கு இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கடலூரிலிருந்து தொடங்கி. இந்தத் தடவை பி.முட்லூரிலிருந்து தொடங்கினேன்.